பத்து நிமிடச் சிக்கனம்

எங்கள் அலுவலகத் தலைவர் சி ஷெத்லி தலைநகரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு கேடயம், நாற்பது மேசைக் கடிகாரங்கள், கொஞ்சம் தத்துவம் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். ‘சி’ என்பது எங்கள் துனீசியாவில் ஆண்களின் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை. தகுதி பார்த்துப் போடுவதில்லை.

பயிற்சியின் பொருள் மின்சாரச் சிக்கனம். அது நடந்த ஹோட்டலின் கூடத்தில் எடுத்த படத்தை எல்லோருக்கும் காட்டினார். அவர் தலைக்கு மேலே பட்டப்பகலில் பதினோரு சரவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் எண்ணினேன். அவர் எண்ணவில்லை.

எங்களுடையது உப்பு ஏரிக்குத் தெற்கே, பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற பயிர்க் காப்பு அலுவலகம். மொத்தம் பதினோரு பேர். ஆளுக்கொரு கடிகாரம் கிடைத்தது. வட்டமான பிளாஸ்டிக் முகம், நடுவில் பச்சை எழுத்தில் ‘சிக்கனம் நம் கையில்’, அதற்குக் கீழே அவர் பெயர். மிச்சம் இருபத்தொன்பது எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய மச்சான்களின் வீடுகளில் நேரம் சரியாக ஓடியிருக்கும்.

தத்துவம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடம் யாரும் மவுஸையோ கீபோர்டையோ தொடாவிட்டால் கணினி தூங்கிவிட வேண்டும். தலைநகரிலிருந்தே எல்லாக் கணினிகளிலும் அப்படிப் பூட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டு அங்கேதான். மாற்ற வேண்டுமென்றால் முத்திரையோடு விண்ணப்பம் போட வேண்டும். அதை ஒரு குழு கூடிப் பார்க்கும். இதை அறிவித்த அன்று சி ஷெத்லியின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம், வெளியே கம்பளி போட்டுக்கொண்டு நடக்க வேண்டிய குளிர்காற்று. அவருடைய மீன் தொட்டியில் மூன்று ஆரஞ்சு மீன்களுக்காக நீல விளக்கு ஒன்று இரவு பகலாக எரிந்தது. மீன்களுக்கு இருட்டு ஆகாது என்றார்.

என் பெயர் ரப்ஹா. இருபத்திரண்டு வருடமாக இந்த அலுவலகத்தின் தட்டச்சுக்காரி. நான்கு தலைவர்களைப் பார்த்தவள். இவர் நான்காமவர்.

அந்த மாதம்தான் வெட்டுக்கிளிகள் வந்தன.

எல்லைக்கு அப்பாலிருந்து கிளம்பிய ஒரு கூட்டம், இருபது சதுரக் கிலோமீட்டர் பரப்பு, மணல்மேடுகளுக்குத் தெற்கே இறங்கியிருந்தது. அடுத்து எங்கே போகும் என்பது காற்றின் கையில் இருந்தது. கிழக்கே போனால் பீர் ஸவ்வான், ஒட்டகம் மேய்கிற வெற்று நிலம். மேற்கே போனால் ஐன் தலா. அங்கே இருநூறு குடும்பங்கள் ஆறு வருடத்துக்கு முன் நட்ட பேரீச்சைகள் முதல் காய்ப்புக்குத் தயாராக நின்றன. மருந்து தெளிக்கிற வண்டிகள் எங்களிடம் ஐந்துதான். பூச்சிகள் குளிரில் விறைத்துச் செடிகளில் ஒட்டிக்கிடக்கிற விடியற்காலையில் அடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பறந்துவிடும். ஐந்து வண்டிகளும் தப்பான பக்கம் போய் நின்றால், மணலைத் தாண்டித் திரும்பி வர ஒரு முழுநாள் ஆகும்.

அதைக் கணக்கிட்டுச் சொல்லத்தான் ஜலீலா இருந்தாள். காபேஸ் ஊர்ப் பெண், கணிதம் படித்தவள், முப்பத்தொரு வயது. என்னைக் ‘கால்தி’ என்று கூப்பிடுவாள், சித்தி முறை. காற்று, ஈரம், புல் முளைத்த இடம் எல்லாவற்றையும் சேர்த்து அவளுடைய கணினி நிரல், வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கப்போகிற இடத்தை வரைபடத்தில் காட்டும். அலுவலகத்தின் ஒரே வலுவான கணினியில் அது இருபத்தாறு மணி நேரம் ஓட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓடவிட்டாள். பதினொரு மணிக்குத் தொலைபேசிக் கூட்டம் ஒன்றுக்காகப் பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. மவுஸை அசைத்தாள். கணினி விழித்தது. நிரல் செத்துக்கிடந்தது.

நேராக சி ஷெத்லியின் அறைக்குப் போனாள். நான் கையெழுத்துக்கு வைத்த கடிதங்களோடு அங்கே நின்றிருந்தேன்.

“சி ஷெத்லி, இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் அந்தத் தூக்கத்த எடுத்துவிடச் சொல்லுங்க. இருபத்தாறு மணி நேரம் விடாம ஓடணும். தூங்கினா காத்து விவரம் வர்ற லைன் அறுந்துபோகுது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு.”

அவர் மீன்களுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார். “மகளே, நீ ராத்திரி தூங்குறியா இல்லியா?”

“தூங்குறேன்.”

“காலைல எழுந்து விட்ட எடத்துலேருந்து வேலையப் பாக்குறியா இல்லியா?”

“பாக்குறேன், ஆனா…”

“அப்புறம் அதுக்கு மட்டும் என்ன கேடு? மனுஷனுக்கே ஓய்வு வேணும், மெஷினுக்கு வேண்டாமா?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் உதடு தானாகச் சிரித்தது. பயிற்சியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களோ, அல்லது இது அவருடைய சொந்தச் சரக்கோ தெரியாது. பதில் சொல்ல முடியாத வாதம் என்று அவர் நம்பியது மட்டும் முகத்தில் தெரிந்தது. முட்டாள்தனத்தின் பெரிய வசதியே அதுதான்: எதிராளி திகைத்து நிற்பதை அது வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

“ஃபாரம் எழுதிக் குடு. அனுப்புறேன். குழு பாக்கும்.”

“குழு எப்ப கூடும்?”

“கூடும்போது கூடும்.”

ஜலீலா எழுதினாள். நான் தட்டச்சு செய்தேன். அவர் முத்திரை குத்தி மேசையின் மேல் டிராயரில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியமே அவள் மறுபடி ஓடவிட்டு, ஒரு கையில் ரொட்டியும் ஹரீஸா மிளகாய்த் துவையலும், இன்னொரு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு வாயிலைப் பூட்ட வேண்டும், யாரும் உள்ளே இருக்கக் கூடாது, அதுவும் சிக்கனம்தான். காவலாளி சங்கடத்தோடு வந்து நின்றார். அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். ஆறு பத்துக்குக் கணினியும் கடமை தவறாமல் தூங்கப் போயிருக்கும். இப்படியாகத் திங்கட்கிழமை முழுசாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மூன்றாம் முறை. இந்தத் தடவை நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அந்த அறைக்குப் போய் மவுஸைத் தட்டிவிட்டு வர வேண்டும். பூச்சியியல் படித்தவர்கள், மண் ஆய்வு செய்தவர்கள், வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர் ஒருவர், எல்லோரும் தொட்டில் ஆட்டுகிற ஆயாக்கள் மாதிரி வரிசையில் போய் வந்தோம். சி ஷெத்லி தாழ்வாரத்தில் நடமாட்டம் அதிகமாக இருப்பதைக் கவனித்து, ஊழியர்கள் இருக்கையை விட்டு எழுவதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்கிற நேரத்தில் என் முறை வந்தது. எழுந்துபோய்த் தட்டிவிட்டு வந்து மீதியை அடித்தேன்.

நான்கு மணிக்குப் பல்காசெம் அழைத்தார். வண்டிக் குழுவின் தலைவர், பாலைவனத்தில் பிறந்தவர், பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுகிறவர். ஜலீலா ஒலிபெருக்கியில் போட்டாள்.

“மகளே, கிழக்கா மேற்கா? எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“நாளைக்குப் பதினோரு மணிக்குச் சொல்றேன், சி பல்காசெம்.”

“இன்னைக்குக் காலைலயே சொல்றதா இருந்தியே?”

“ஆமா.”

“என்ன ஆச்சு?”

ஜலீலா என்னைப் பார்த்தாள். “மெஷின் தூங்கிருச்சு.”

“நான் இங்க மூணு நாளா தூங்கல. அதுக்கு என்னவாம்?” என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பகலை ஓட்டிவிட்டோம். இரவு? அலுவலகம் பூட்டப்போகிற நேரம். ஜலீலா மவுஸைத் திருப்பிப் பிடித்து அடியிலிருந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“கால்தி, இதுக்கு அடியில ஏதாவது நகர்ந்தா போதும். கைதான் வேணும்னு இல்ல. இந்த வெளிச்சத்துக்குக் கையும் தெரியாது, கழுதையும் தெரியாது.”

அறையைச் சுற்றிப் பார்த்தாள். என் மேசையில் சி ஷெத்லி கொடுத்த கடிகாரம் இருந்தது. அதன் விநாடி முள், அவரைப் போல இல்லாமல், ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

என் கத்தரிக்கோலால் முன்கண்ணாடியை நெம்பி எடுத்தாள். கடிகாரத்தை மல்லாக்கப் படுக்கவைத்து, முள்ளில் படாதபடி இருபக்கமும் அழிப்பான் துண்டுகளை முட்டுக்கொடுத்து, மேலே மவுஸை வைத்தாள். விநாடி முள் ஒவ்வொரு முறை வெளிச்சத்தைக் கடக்கும்போதும் திரையில் அம்புக்குறி லேசாகத் துடித்தது. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றோம். கணினி தூங்கவில்லை. மவுஸுக்கு அடியிலிருந்து ‘சிக்கனம்’ என்ற எழுத்து மட்டும் எட்டிப் பார்த்தது.

“பூட்டுங்க,” என்றாள் காவலாளியிடம்.

புதன்கிழமை காலை வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. ஜலீலா திரைக்கு முன்னால் உட்கார்ந்து எதையும் தொடவில்லை, தொடப் பயந்தாள். பத்து மணிக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது.

பத்தே காலுக்கு சி ஷெத்லி உள்ளே நுழைந்தார், புது டையோடு. தலைநகரிலிருந்து மூன்று பேர் வெட்டுக்கிளித் தடுப்பைப் பார்வையிட வருகிறார்கள், கூடவே வானொலிக்காரர் ஒருவரும். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. விருந்தாளிகளுக்குக் காட்ட எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறை அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் கணினி அறையில் நின்றுவிட்டார்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதன்மேல் குந்தியிருந்த மவுஸைப் பார்த்தார்.

“என்ன இது? என் பேரு மேல என்னத்த வெச்சிருக்கீங்க?”

“சி ஷெத்லி, நாப்பது நிமிஷம்தான். பல்காசெம் காத்துக்கிட்டு இருக்கார்…”

“ராத்திரி பூரா இது ஓடியிருக்கா? ராத்திரி பூரா?” கழுத்து சிவந்தது. “வெளியாளுங்க வந்து நிக்கிற நேரத்துல எனக்கே துரோகமா? அணை இத. இப்பவே அணை.”

ஜலீலா எழுந்து கணினிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அவருடைய பார்வை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போயிற்று. இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடும்.

எனக்கு வீரம் கிடையாது. ஆனால் அந்த மனிதரின் பலவீனம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் மனைவிக்கும் தெரியாது. நான்கு தலைவர்களுக்கும் அதே பலவீனம்தான்.

“ஐயோ சி ஷெத்லி, வானொலிக்காரர் மைக்கப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறார்,” என்றேன். “ஹோட்டல்ல நீங்க பேசினீங்களே அந்தப் பேச்ச முழுசாப் பதிவு பண்ணணுமாம். தலைநகர் ஆளுங்களும் அதத்தான் கேட்டாங்க. இத நான் பாத்துக்குறேன், நீங்க போங்க.”

வானொலிக்காரரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அவர் பார்வை சுவிட்சை விட்டது, கை டைக்குப் போயிற்று. “முழுசாவா?”

“ஒரு வரி விடாம.”

“நீ அணைச்சிடு, ரப்ஹா.”

“உத்தரவு.”

அவரை அவர் அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து, விருந்தாளிகளை எதிரே உட்காரவைத்து, புதினாத் தேநீர் கொடுத்து, வானொலிக்காரரின் காதில் “பேச்சு கேக்கணும்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும்” என்று ஓதினேன். அந்த ஆள் புத்திசாலி, கேட்டுவிட்டார்.

சி ஷெத்லி பேச ஆரம்பித்தார். ஆதியில் நெருப்பு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து தொடங்கினார். குளிர்சாதனத்தின் இரைச்சலில் வார்த்தை கேட்கவில்லை என்று தலைநகர்க்காரர் ஒருவர் காதைக் குவித்தார். பதினெட்டாம் நிமிடம் முடித்துவிடுவார் போலிருந்தது. நான் கதவோரத்திலிருந்து, “மீன் தொட்டியப் பத்தி நீங்க ஒரு முறை சொன்னீங்களே, அதையும் சொல்லுங்க,” என்றேன். அது ஒன்பது நிமிடம். அப்புறம் அவர் சின்ன வயதில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படித்தது. அவர் அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். வீட்டில் எட்டு விளக்கு. அதை நான் சொல்லவில்லை. விருந்தாளிகள் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, எம்னா என்று பெயர், கணினிப் பிரிவாம், தேநீர்க் குவளைக்குள் கொட்டாவி விட்டாள்.

பதினொரு மணியைத் தாண்டி எங்கோ அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி நின்றதும் அவருக்குப் பேச்சும் நின்றது.

எல்லோரும் கணினி அறைக்கு வந்தபோது ஜலீலா தொலைபேசியில் இருந்தாள்.

“மேற்கு,” என்றாள். “ஐன் தலாவுக்குத் தென்மேற்கே, பழைய கிணத்துப் பக்கம். இன்னைக்குச் சாயங்காலம் இறங்கும்.”

“மேற்கு,” என்றார் பல்காசெம். வண்டிகள் உறுமுவது கேட்டது. வைத்துவிட்டார்.

தலைநகர்க்காரர்களில் மூத்தவர் வரைபடத்தைக் கையில் எடுத்து, “இதான் கணிப்பா? நல்ல வேலை,” என்றார்.

சி ஷெத்லி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூத்தவரைப் பார்த்தார். விநாடிகூட ஆகவில்லை. “என் நேரடி மேற்பார்வை,” என்றார்.

எம்னா மட்டும் கடிகாரத்தருகே குனிந்து நின்றாள். மவுஸைத் தூக்கி, முள்ளைப் பார்த்து, மறுபடி வைத்தாள். “இது எதுக்கு?”

ஜலீலா சொன்னாள். விண்ணப்பத்தையும் சொன்னாள்.

“அப்படி எந்த ஃபாரமும் எங்களுக்கு வரலையே,” என்றாள் எம்னா. “குழுவா? குழுவெல்லாம் கிடையாதுங்க. நான்தான் குழு. போன் பண்ணினா ரெண்டு நிமிஷ வேலை.”

தன் கைபேசியில் யாருக்கோ அந்தக் கணினியின் எண்ணைச் சொன்னாள். இரண்டு நிமிடம் என்றது பொய். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கணினிக்குத் தூக்கம் நீங்கியது. சி ஷெத்லி சுவரில் ஏதோ ஓவியம் இருப்பதுபோல வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பல்காசெமிடமிருந்து செய்தி வந்தது. பெரும்பகுதி செத்துவிட்டது, கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. ஆனால் வண்டிகள் போய்ச் சேர்ந்தபோதே இருட்டிவிட்டதாம். மணலில் ஒன்று புதைந்து, நாலே வண்டிகள்தான் சரியான நேரத்துக்கு நின்றன. தோப்பின் தெற்கு ஓரத்தை எட்ட முடியவில்லை. அங்கே வெயில் ஏறியதும் எழும்பிய பூச்சிகள் நாற்பது மரங்களை மொட்டையடித்துவிட்டன.

“ஒரு நாள் முன்னாடி கிளம்பியிருந்தா அதுவும் தப்பியிருக்கும்,” என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. அதனால்தான் ஜலீலா அழுதாள்.

“நீங்க நேத்து அவர எவ்வளவு அழகா உட்காரவெச்சீங்க, கால்தி. எங்க கத்துக்கிட்டீங்க?” என்று அவள் மதியம் கேட்டாள், என்னைச் சிரிக்கவைக்க.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே கற்றுக்கொண்டேன்? இருபத்திரண்டு வருடம் தினமும் செய்ததுதான். முந்தைய மூன்று தலைவர்களுக்கு இருமல் வந்தாலும் பாராட்டியிருக்கிறேன். ஒருவருடைய கவிதைகளை மூன்று படி எடுத்து அடித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை மெஷினுக்கும் ஓய்வு வேண்டும் என்று இவர் சொன்னபோது நான் சிரித்தேன். என்னை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. அவரை இவ்வளவு நேரம் ஏளனம் செய்தவளுக்கு அந்தச் சிரிப்பையும் சொல்லாமல் விட யோக்கியதை இல்லை.

அடுத்த வாரம் ஐன் தலாவிலிருந்து அம்மார் என்பவர் வந்தார். நாற்பது மரமும் அவருடையது. ஐம்பது வயதிருக்கும், காலில் காய்ந்த சேறு. சண்டை போட வரவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வந்தார். சி ஷெத்லி அவரைத் தன் அறையில் உட்காரவைத்துத் தோளில் கை போட்டார். வானொலியில் தன் பேச்சு ஒலிபரப்பான உற்சாகம் இன்னும் இறங்கவில்லை.

“அல்லாஹ்வோட நாட்டம், சகோதரா. காத்து அவன் கையில இருக்கு. நாங்க மனுஷங்க, மனுஷனால ஆனதெல்லாம் பண்ணினோம்.”

அம்மார் தலையாட்டினார். அந்த வார்த்தைக்கு எதிராகப் பேச அவருக்கு வாய் வராது. வழக்கம்போல சி ஷெத்லி என் பக்கம் திரும்பினார், நானும் தலையாட்டுவதற்காக.

“இல்ல,” என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “அல்லாஹ்வ இதுல இழுக்காதீங்க, சி ஷெத்லி. சகோதரா, திங்கக்கிழமை ஆரம்பிச்ச கணக்கு நிக்காம ஓடியிருந்தா, காத்து எந்தப் பக்கம் வீசும்னு எங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருக்கும். ஒரு நாள் வீணாச்சு. அந்த ஒரு நாள் இந்த ரூமுலதான் போச்சு. அந்த மேல் டிராயர்ல ஒரு ஃபாரம் இருக்கு, முத்திரை குத்தினது. அனுப்பல.”

யாரும் டிராயரைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. சி ஷெத்லியின் கை அதன்மேல் போய் அழுத்திக்கொண்டது.

“ரப்ஹா, நீ வெளிய போ.”

“போறேன்.”

அம்மாரும் எழுந்தார். தாழ்வாரத்தில் என்னிடம் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தபின், “யாரு அந்தக் கணக்குப் போட்ட பொண்ணு?” என்றார்.

காட்டினேன். ஜலீலா எழுந்து நின்றாள், அடி விழப்போகிறது என்பதுபோல. அவர் அவள் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“மீதி மரத்துப் பக்கம் அடுத்த கூட்டம் வருமான்னு அந்தப் படத்துல காட்டு, மகளே,” என்றார்.